இரும்பாலைக் கறுப்புக் கல்லால் பள்ளக் காணியை நிரப்பலாமா?

களனிக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். கொழும்புக்குக் கிட்டக் கடுவெலப் பக்கம் சின்னதாய் ஒரு காணி வாங்கியிருக்கிறோம். முன்பு வயலாக இருந்த இடம், வீதி மட்டத்திலிருந்து மூன்று அடி இறக்கம். நிரப்புவதற்கு அனுமதி எல்லாம் எடுத்தாயிற்று. ஆனால் கிரவல் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

டிப்பர்காரர் ஒருவர், "இரும்பாலையிலிருந்து கறுப்புக் கல் வருகிறது, ஏற்றுக்கூலி மட்டும் தாருங்கள், கருங்கல்லை விட இறுகும்" என்கிறார். மாதிரிக்கு ஒரு சாக்கில் கொண்டுவந்தும் காட்டினார். சில துண்டுகள் கண்ணாடி போல மினுங்குகின்றன. சிலது ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. இடையிடையே வெள்ளை மா ஒட்டியிருக்கிறது. காந்தம் வைத்தால் சில கல் பிடிக்கிறது.

கழிவைத் திரும்பப் பயன்படுத்துவது சுற்றாடலுக்கு நல்லது என்றுதானே சொல்கிறார்கள்? பக்கத்துக் காணியில் ஒரு கிணறு இருக்கிறது, அதுதான் கொஞ்சம் யோசனை. விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையசோனகத்தெரு

தம்பி, நான் இரும்பு வியாபாரத்திலேயே நரைத்தவன். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இந்தியாவில் சூரத்துக்குப் பக்கத்தில் ஹசீராவில் 2022இல் ஆறு வழிப் பாதையையே உருக்காலை ஸ்லாக்கில், அதாவது இதே மாதிரிக் கசட்டில் போட்டார்கள். பாரமான லொறிகள் அதன் மேல்தான் ஓடுகின்றன. உங்கள் வீட்டை விடவா பாரம்? நிரப்பி மேலே ஒரு அடி செம்மண் போடுங்கள், வேலை முடிந்தது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கக் கிரவல் விலைதான் ஏறும்.

வடிதாள்

அண்ணே, ஹசீராப் பாதையை இதில் இழுக்காதீர்கள். அங்கே போட்டது பதப்படுத்திய ஸ்லாக். இரும்பைப் பிரித்தெடுத்து, உடைத்து, சல்லடை போட்டு, பரிசோதித்து, மேலே தார் போட்டு மூடியிருக்கிறார்கள். இங்கே இவர் கேட்பது நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற வயல் காணியில், ஒன்றாலும் மூடாமல், மூன்று அடி உயரத்துக்குக் கொட்டுவது பற்றி.

களனிக்கரையான், அந்த வெள்ளை மாதான் எனக்கு உறுத்துகிறது. உருக்கைச் சுத்தப்படுத்த உலைக்குள் சுண்ணாம்பு போடுவார்கள். அதில் ஒரு பகுதி எதனுடனும் சேராமல் கல்சியம் ஒட்சைட்டாகவே கசட்டுக்குள் தங்கிவிடும். தண்ணீர் பட்டால் அது நீறும். நீறும்போது அதன் கனவளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மக்னீசியம் ஒட்சைட்டு இன்னும் மோசம், அது மெதுவாக வருடக்கணக்கில் நீறும். இன்று கல் போல இறுகிக் கிடக்கும் நிலம், நீங்கள் வீடு கட்டிக் குடிபோன பிறகு தளத்தைத் தூக்கலாம்.

தாய்வானில் இது நடந்தே இருக்கிறது. உருக்காலைக் கசட்டைச் சல்லிக்குப் பதிலாகக் கொங்கிரீட்டில் கலந்துவிட்டார்கள். குடியேறிச் சில வருடங்களில் சுவரெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. அப்படிப்பட்ட வீடுகளுக்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது.

இரண்டாவது, கிணறு. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை. அது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கினால் தண்ணீரின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை) 11, 12 வரைக்கும் போகலாம். நம் நாட்டின் குடிநீர் நியமம் 6.5 முதல் 8.5 வரை.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பிடி கல்லைப் பொடித்து, போத்தலில் பத்து மடங்கு தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். பிறகு பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதோடு டிப்பர்காரரிடம் அது எந்த வகை உலையிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

களனிக்கரையான்

நன்றி அக்கா. தாள் கருநீலமாக மாறியது, டப்பாவில் இருக்கிற நிற அட்டையில் 11க்கும் 12க்கும் நடுவில். உலை பற்றிக் கேட்டதற்கு அவர், "எனக்கு என்ன உலை தெரியும், லோடர் போடுகிறதை ஏற்றிக்கொண்டு வருகிறேன்" என்கிறார்.

சரி, கிரவலே போடுகிறேன். காசு கொஞ்சம் சேரட்டும். ஆனால் நான் வாங்காவிட்டால் அவர் அதை வேறொருவர் காணியில் கொட்டத்தானே போகிறார்? அந்த ஆலைக்காரர் இதை என்னதான் செய்ய வேண்டும்?

சதுப்புநிலம்

என்ன செய்ய வேண்டுமா? கொட்ட விடக் கூடாது, அவ்வளவுதான். கொழும்பு நகரத்துக்கு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் சாசனத்தின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்று பட்டம் கிடைத்தது. அதற்கு முந்திய வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அதுவும் சதுப்பு நிலத்தில் "சும்மா கொஞ்சம்" என்று கொட்டத் தொடங்கிய குப்பைதான். இப்போது உருக்காலைக் கழிவுக்கு "துணைவிளைபொருள்" என்று பெயர் மாற்றிக் கொட்டுகிறார்கள். நஞ்சு என்றால் நஞ்சுதான்.

நைட்ஷிப்ட்

நான் இப்படியான ஓர் இடத்தில் உலைப் பக்கம் வேலை செய்கிறேன். எங்கே என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். அந்தச் சாக்கில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது.

நம் நாட்டில் இரும்புத் தாது உருக்கும் ஊதுலை கிடையாது. எல்லாம் பழைய இரும்பை உருக்குவது, இல்லாவிட்டால் பில்லட் என்கிற உருக்குக் கட்டையை இறக்குமதி செய்து கம்பி இழுப்பது. எங்கள் இடத்தில் மின்காந்தத் தூண்டலால் உருக்குகிற இண்டக்ஷன் உலை. அதன் உள்பூச்சு சிலிக்கா மணல், எனவே அதற்குள் சுண்ணாம்பு போட முடியாது, போட்டால் பூச்சையே தின்றுவிடும். அதில் மேலே மிதக்கிற கசட்டைக் கம்பியால் வாரி எடுப்போம். அது கறுப்பாக, கண்ணாடி போல இருக்கும். அதில் சுண்ணாம்புத் தொல்லை பெரிதாக இல்லை.

பிறகு உருக்கு, லேடில் என்கிற பெரிய வாளிக்குப் போகும். சுண்ணாம்பு போடுவது அங்கேதான். லேடில் கசட்டைப் பார்த்தால் உங்களுக்கே விசித்திரமாக இருக்கும். பின்னேரம் கொட்டும்போது பாறை மாதிரிக் கட்டியாக இருக்கும். விடிய வந்து பார்த்தால் அந்த இடத்தில் கட்டியே இல்லை, சாம்பல் வெள்ளை மாவுதான் குவிந்திருக்கும். யாரும் உடைக்கவில்லை, ஆறும்போது தானாகவே உதிர்ந்துவிடுகிறது. காற்று அடித்தால் கண் எரியும். அந்தக் குவியலிலிருந்து வருகிற கானின் ஓரமெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படை பிடித்திருக்கும், மண்வெட்டியால் கொத்தினால்தான் வரும்.

இவற்றைவிட, கழற்றிய உள்பூச்சுத் துண்டு, கம்பி இழுக்கும்போது உதிர்கிற ஸ்கேல் என்ற இரும்புச் செதில், உலைப் புகையைப் பிடிக்கிற பை வடிகட்டியில் சேர்கிற தூசு. இவ்வளவும் வேறு வேறு சாமான். ஆனால் முற்றத்தில் மூலை ஒன்றுதான், லோடரும் ஒன்றுதான். எல்லாம் ஒரே குவியலாகப் போய்விடுகிறது. களனிக்கரையானுக்கு வந்த சாக்கில் கண்ணாடிக் கல்லும் வெள்ளை மாவும் சேர்ந்தே இருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும். தனித்தனியாக வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி உண்டு. கலந்த பிறகு அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வடிதாள்

தூசும் அதே குவியலில் என்றால் விஷயம் வேறு. நாகம் (சிங்க்) பூசிய தகரத்தை உருக்கும்போது நாகம் ஆவியாகிப் புகையோடு போகும். அதோடு ஈயம், கட்மியமும் போகும். மின்வில் உலை (மின்பொறியின் சூட்டில் உருக்குவது) என்றால் ஒரு தொன் உருக்குக்கு 10 முதல் 20 கிலோ வரை இந்தத் தூசு சேரும். அமெரிக்காவில் இந்தத் தூசுக்கு அபாயகரக் கழிவுப் பட்டியலில் தனி எண்ணே இருக்கிறது, கே061. இங்கேயும் 2008 வர்த்தமானி விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு என்றால் அதைச் சேர்த்து வைக்கவும் ஏற்றிச் செல்லவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் தனி உரிமம் வேண்டும். டிப்பரில் ஏற்றி ஒரு வீட்டுக் காணியில் கொட்டுகிற சாமான் அல்ல.

சதுப்புநிலம் சொன்ன "நஞ்சு என்றால் நஞ்சுதான்" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இண்டக்ஷன் கசட்டையும் வடிகட்டித் தூசையும் ஒரே தராசில் வைத்தால், தூசைக் கசடு போலவே அலட்சியமாகக் கையாள்வார்கள்.

நெறியாளர்

ஆலை ஒன்றின் பெயரைச் சொல்லி வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆதாரம் இருந்தால் உரிய இடத்தில் முறையிடுங்கள், இங்கே வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

சைட்டில்_இருப்பவன்

தாமதமாக வந்தேன். கட்டட வேலைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உலக உருக்குச் சங்கத்தின் கணக்குப்படி ஊதுலை வழியில் ஒரு தொன் உருக்குக்கு ஏறத்தாழ 400 கிலோ துணைப்பொருள் வருகிறது. மின்வில் உலையில் 200 கிலோ. இதில் பெரும்பங்கு கசடு. அதிலும் ஊதுலைக் கசடு ஒரு தனிச் சாதி. சுமார் 1500 பாகையில் ஓடி வருகிறபோதே தண்ணீரைப் பீச்சியடித்துச் சட்டென்று ஆற்றினால் மணல் போலக் கண்ணாடித் துகளாகிவிடும். அரைத்தால் சீமெந்து வேலை செய்கிறது. அதைத்தான் ஜி.ஜி.பி.எஸ். என்று சாக்கில் போட்டு விற்கிறார்கள். மெதுவாக ஆற்ற விட்டால் அதே கசடு வெறும் கல்தான்.

சீமெந்து அரைக்கிற மூலக் கட்டியான கிளிங்கர் செய்ய சுண்ணாம்புக்கல்லை 1450 பாகையில் சுட வேண்டும், ஒரு தொன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு போகும். ஜி.ஜி.பி.எஸ்.ஸுக்கு அரைக்கிற மின்சாரமும் உலர்த்துகிற வெப்பமும்தான் செலவு, அதில் பத்தில் ஒரு பங்கு அளவு. கொங்கிரீட்டில் சீமெந்தின் பாதியை இதால் ஈடுசெய்கிறோம். பெரிய அத்திவாரத் தளம் போடும்போது சூடு குறைவு, கடற்கரைப் பக்கம் உப்பும் சல்பேற்றும் இறங்குவதும் குறைவு. கொழும்பின் உயரக் கட்டடங்களுக்கு இரண்டுமே தேவை. கஷ்டம் என்னவென்றால் முதல் நாட்களில் பலம் ஏறுவது மெதுவாக இருக்கும். பலகை கழற்ற அவசரப்படுகிற கொந்தராத்துக்காரருக்கு இது பிடிக்காது. ஈரப்பதம் காக்காமல் விட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும்.

இன்னொன்று, பலகையைக் கழற்றும்போது கொங்கிரீட் பச்சை கலந்த நீலமாக இருக்கும். முதல் தடவை பார்த்த எங்கள் மேசன் பாஸ் "சேர், பூஞ்சணம் பிடித்துவிட்டது" என்று ஓடி வந்தார். கசட்டிலுள்ள சல்பைட்டால் வருகிற நிறம் அது, காற்றுப் பட்டால் சில நாட்களில் போய்விடும்.

ஆகவே கசடு என்றதும் பயப்படவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். நைட்ஷிப்ட் அண்ணனின் முற்றத்தில் கிடப்பது ஜி.ஜி.பி.எஸ். ஆகாது. அதை அரைத்துச் சீமெந்தில் கலக்கலாம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பழையசோனகத்தெரு

எல்லோரும் படித்தவர்கள், நான் ஒன்று கேட்கிறேன். பலாங்கொடைக்கு அந்தப் பக்கம் சமனலவெவவில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்தார்களே, பருவக் காற்றை வைத்தே உலை ஊதிய இடம். மலைச் சரிவெல்லாம் கசடு. இத்தனை மழையில் இவ்வளவு காலம் கிடந்ததே, அங்கே புல் முளைக்கவில்லையா, ஆடு மேயவில்லையா?

வடிதாள்

நல்ல கேள்வி அண்ணே, உண்மையாகவே. தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அந்த அகழாய்வை 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்தக் காலத்து உலையில் சுண்ணாம்பு போடவில்லை. தாதிலிருந்த மணலும் இரும்பு ஒட்சைட்டும் சேர்ந்து உருகிய இரும்புச் சிலிக்கேற்றுத்தான் அந்தக் கசடு. நீறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாகம் பூசிய தகரமும் அப்போது இல்லை, தூசுப் பையும் இல்லை. இன்றைய சாமானில் நைட்ஷிப்ட்டின் இண்டக்ஷன் கசடுதான் அதற்குக் கொஞ்சமாவது கிட்ட வரும், அதுவும் தனியாக எடுத்து வைத்தால்.

மலையகத்தான்

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும்போது மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவோம். இந்தக் கசட்டில் கல்சியமும் மக்னீசியமும் இருக்கிறது என்றால் அதைப் போடலாமா? ஜப்பானில் வயலுக்குக் கசடு போடுகிறார்கள் என்று எங்கோ படித்தேன்.

வடிதாள்

போடுகிறார்கள், உண்மை. 1950களிலிருந்தே அங்கே நெல்லுக்குச் சிலிக்கா உரமாகக் கசடு போகிறது. அதற்கு முன்பே ஐரோப்பாவில் தோமஸ் முறையில் உருக்கு செய்தபோது பொஸ்பரஸ் எல்லாம் கசட்டுக்குள் போனது. அதை அரைத்துத் தோமஸ் மா என்று உரமாக விற்றார்கள், பல பதிற்றாண்டுகளுக்கு நல்ல வியாபாரம் நடந்தது. ஆனால் அவையெல்லாம் என்ன இருக்கிறது என்று அளந்து, தரம் பிரித்து விற்ற கசடு. பழைய இரும்பிலிருந்து வருகிற கசட்டில் குரோமியம் எவ்வளவு என்பது அன்றைக்கு என்ன உருக்கினார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு தடவை மண்ணில் போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

தேயிலைக்கு மண் புளிப்பாகத்தான் இருக்க வேண்டும், 4.5இலிருந்து 5.5 வரை. சும்மா அள்ளிப் போட்டால் அதையும் தாண்டிவிடும். டொலமைட் நம் நாட்டிலேயே மாத்தளை, கண்டிப் பக்கம் கிடைக்கிறது. கொழும்பிலிருந்து கசட்டை மலைக்கு ஏற்ற டீசல் செலவழிப்பதில் என்ன சுற்றாடல் லாபம்?

மலையகத்தான்

விளங்கியது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது பட்டது போதும், இன்னொரு பரிசோதனைக்கு எங்களிடம் தெம்பு இல்லை.

சதுப்புநிலம்

சைட்டில்_இருப்பவன் சொல்கிற கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஊதுலையில் ஒரு தொன் உருக்குக்குச் சுமார் 2.3 தொன் காபனீரொட்சைட்டு போகிறது. அந்தப் புகை முழுவதையும் உருக்கின் கணக்கில் எழுதிவிட்டு, அதே உலையில் பிறந்த கசட்டைச் "சுத்தமானது" என்று சீமெந்துக்காரர் வாங்குகிறார். பிறகு "பசுமைக் கொங்கிரீட்" என்று விளம்பரம். ஒரே உலை, இரண்டு கணக்குப் புத்தகம்.

நெதர்லாந்தில் என்ன நடந்தது? உருக்குக் கசட்டை "கட்டுமானப் பொருள்" என்று சொல்லி வருடக்கணக்கில் நிலத்தில் நிரப்பினார்கள். நிலத்தடி நீரில் காரம் ஏறியது, மக்கள் சத்தம் போட்டார்கள். கடைசியில் 2025இல் அரை மீற்றருக்கு மேல் தடிப்பமாக நிரப்புவதைத் தற்காலிகமாகத் தடை செய்தார்கள். களனிக்கரையானின் மூன்று அடி என்பது அதைவிட அதிகம். அவ்வளவு சட்டமும் ஆய்வுகூடமும் இருக்கிற நாட்டுக்கே அந்த நிலை என்றால், நாம் எந்த மூலைக்கு?

சைட்டில்_இருப்பவன்

கணக்குப் புத்தகம் பற்றிச் சொன்னது சரி. அதை நான் மறுக்கவில்லை. புகையை யார் கணக்கில் எழுதுவது என்ற இந்தப் பங்கீட்டு வாதம் ஐரோப்பாவில் இன்னும் ஓயவில்லை. ஆனால் கசடு எப்படியும் பிறக்கிறது. மலையாகக் குவிப்பதா, கிளிங்கருக்குப் பதிலாகப் போடுவதா என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

எனக்குக் கவலை வேறு. இந்த நல்ல கசடு எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும்? பிரித்தானியாவில் போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊதுலையை 2024 செப்ரெம்பர் 30ஆம் திகதி நிறுத்திவிட்டார்கள், இனி அங்கே மின்வில் உலைதான். சுவீடனில் நிலக்கரிக்குப் பதிலாக ஐதரசனால் இரும்பைப் பிரிக்கும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். ஊதுலை குறையக் குறைய ஜி.ஜி.பி.எஸ். குறையும், நாமோ இறக்குமதியை நம்பியிருக்கிறோம். புகை குறைவது நல்ல செய்தி, ஆனால் மின்வில் கசடு அந்த இடத்தை அப்படியே நிரப்பாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள், 2024இல் நேச்சரில் வந்தது. இடித்த கொங்கிரீட்டிலிருந்து பழைய சீமெந்துப் பசையைப் பிரித்தெடுத்து, மின்வில் உலையில் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போடுகிறார்கள். உருக்கும் சுத்தமாகிறது, மேலே மிதக்கிற கசடை வேகமாக ஆற்றி அரைத்தால் அதுவே கிளிங்கர். கொழும்பில் இடிக்கிற பழைய கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நம்மிடம் அதற்கேற்ற உலை இல்லை என்பது வேறு விஷயம்.

மின்வில் உலை இருக்கிற இடங்களில் இன்றே செய்யக்கூடியது வீதிதான். இரும்பை எடுத்த, நன்றாக நீறவிட்ட மின்வில் கசடு தார்ப் பாதைக்குத் தரமான சல்லி, சில்லு வழுக்காது, தார் சுற்றிப் பிடித்திருப்பதால் கரைந்து போவதும் குறைவு. ஆனால் கருங்கல்லை விட நாலில் ஒரு பங்குக்கு மேல் பாரம் கூட. ஒரு கியூப் என்று கணக்குப் பண்ணி டிப்பரை நிரப்பினால் அச்சு முறியும். அதனால் ஆலைக்குப் பக்கத்து வீதிகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

களனிக்கரையான்

நீறவிடுவது என்றால் எப்படி? மழையில் சும்மா போட்டு வைத்தால் போதுமா?

வடிதாள்

போட்டு வைத்தாலும் நீறும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். கீழே கொங்கிரீட் தளம் வேண்டும், வடிகிற தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அமிலம் விட்டோ காபனீரொட்சைட்டு ஊதியோ நடுநிலையாக்க வேண்டும். குவியலை அடிக்கடி புரட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். அவசரம் என்றால் நீராவி ஏற்றுவார்கள். முடிந்ததா என்று பார்க்க ஏ.எஸ்.டி.எம். டி4792 என்ற நியமப் பரிசோதனை: இறுக்கிய மாதிரியை 70 பாகைத் தண்ணீரில் குறைந்தது ஏழு நாள் வைத்து எவ்வளவு வீங்குகிறது என்று அளப்பது. லேடில் மாவுக்கு இதெல்லாம் சரிவராது. அதை நீறவிட்டுக் கல்லாக விற்க நினைப்பதே பிழை. அதில் சுண்ணாம்பு நிறைய இருப்பதால், மின்வில் உலை உள்ள இடங்களில் சிலர் அதைத் திரும்ப உலைக்கே போட்டுப் புதுச் சுண்ணாம்பை மிச்சம் பிடிக்கிறார்கள்.

நைட்ஷிப்ட்

எங்கள் உலைக்கு அது ஆகாது, மேலே சொன்னேனே, சிலிக்காப் பூச்சு. ஆனால் கழிவையே குறைக்க வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஸ்கிராப் வருகிறபோது அதோடு மண், கொங்கிரீட் ஒட்டிய கம்பி, துருப்பிடித்த தகடு, பெயின்ற், தகரம் எல்லாம் வரும். மண்ணும் துருவும் நேரே கசடாகிறது. அதை உருக்கவும் மின்சாரம் கட்டுகிறோம். தகரத்தின் நாகம் நேரே தூசுப் பைக்குப் போகிறது. வாசலிலேயே தகரத்தை ஒரு பக்கம், மண் பிடித்ததைத் தட்டி இன்னொரு பக்கம் என்று பிரித்தால் கசடும் குறையும், தூசும் குறையும். தகரத்தைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் உருக்கினால் அன்றைய தூசில் நாகம் செறிவாக இருக்கும், அதற்கு வெளிநாட்டில் விலை உண்டு. உருள் சூளையில் 1000 பாகைக்கு மேல் சுட்டு நாக ஒட்சைட்டாக எடுக்கிறார்கள். ஏற்றுமதிக்கு, அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவது பற்றிய பாசல் சாசனப்படி வாங்குகிற நாட்டின் முன்சம்மதம் வேண்டும், கடதாசி வேலை அதிகம்தான். ஆனால் நாகம் குறைந்த கலப்புத் தூசை யார் காசு கொடுத்து எடுப்பார்கள்?

ஸ்கேலும் அப்படித்தான். பில்லட்டைச் சூடாக்கும் சூளையில் காற்று அளவுக்கு மேல் போனால் இரும்பு வீணாக எரிந்து செதிலாகிறது. எரிகலனைச் சரிப்படுத்தினாலே குறையும். இரும்பு எரிகிறது என்றால் காசு எரிகிறது, முதலாளிக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். சுற்றாடல் என்று சொன்னால் விளங்காது.

பழையசோனகத்தெரு

இப்போது என் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள், சரி, சொல்கிறேன். ஸ்கிராப் பிரிப்பது யார்? தள்ளுவண்டியில் வீடு வீடாகப் போய் எடுக்கிறவன், அவனிடமிருந்து வாங்குகிற சின்னக் கடை, பிறகு எங்களைப் போன்றவர்கள். செம்பு, பித்தளை, அலுமினியத்தை அவர்கள் ஒரு துளி விடாமல் பிரிக்கிறார்கள், விலை இருக்கிறது. தகரத்துக்கும் சுத்த இரும்புக்கும் ஆலை ஒரே விலை போட்டால் எவன் பிரிப்பான்? மண்ணும் சேர்ந்து நிறுவையில் ஏறினால் விற்கிறவனுக்கு லாபம்தானே. நாங்கள் நியாயஸ்தர் இல்லை தம்பி, வியாபாரிகள். சுத்த இரும்புக்கு கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போடச் சொல்லுங்கள், மறுநாளே பிரித்துக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

சதுப்புநிலம்

முதல் தடவையாக அண்ணன் சொன்னதற்கு விருப்பம் போட்டிருக்கிறேன். ஆனால் ஆலை அந்த இரண்டு ரூபாயைத் தானாகப் போடாது. கொட்டுவது இலவசமாக இருக்கும் வரைக்கும் பிரிப்பது நட்டம்தான். உரிமம் புதுப்பிக்கும்போது "உங்கள் கசடு, தூசு, ஸ்கேல் எவ்வளவு, எங்கே போனது, ஏற்றுச்சீட்டு எங்கே" என்று தனித்தனியாகக் கேட்டால், கொட்டுவதற்கும் ஒரு விலை வந்துவிடும்.

நைட்ஷிப்ட்

அதைக் கேட்கட்டும், எங்களுக்கும் வேலை லேசாகும். சைட்டில்_இருப்பவன், உங்களிடம் ஒரு கேள்வி. ஸ்கேலில் எழுபது வீதம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. சீமெந்துச் சூளைக்கு இரும்புச் சத்துக்காக எடுப்பார்கள் என்கிறார்களே, நம் நாட்டில் சூளை புத்தளத்தில் மட்டும்தானே இருக்கிறது? அவ்வளவு தூரம் கட்டுப்படியாகுமா?

சைட்டில்_இருப்பவன்

கிளிங்கர் சுடுகிற சூளை புத்தளத்தில் மட்டும்தான், மற்ற இடங்களில் அரைப்பதுதான். கட்டுப்படியாகுமா என்பதை எடுக்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கேட்கப் போகும் முன் இரண்டு ஸ்கேலையும் பிரித்து வையுங்கள். சூளை வாசலில் உதிர்கிற பெரிய செதில் காய்ந்து சுத்தமாக இருக்கும். உருளைகளுக்குக் கீழே குழியில் படிகிற நுண்சேறில் எண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய் கூடினால் சூளைக்காரர் வாங்கமாட்டார், புகைபோக்கியில் அது வேறு பிரச்சினை. முதலாவதை மட்டும் கூரைக்குக் கீழே, ஈரம் படாமல் சேருங்கள். இரும்பு, எண்ணெய், ஈரப்பதம், குளோரைட்டு நான்குக்கும் அறிக்கை எடுத்து, அதே குவியலின் மாதிரியோடு போங்கள். லொறி நிறையச் சேர்ந்த பிறகு போனால்தான் பேச்சே தொடங்கும்.